கிழியாத வரிச்சீட்டுகள்

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அவர் முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பார். தண்ணீர் பாட்டில் என்றால் மூடிக்குக் கீழே இருக்கும் வளையம். மருந்து என்றால் அட்டைப்பெட்டியின் ஓரம். கூரியர் பொட்டலம் என்றால் டேப்பின் நுனி. பார்த்துத் திருப்தியான பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சே வரும்.

வேலைக்காக வெளிமாநிலம் வந்து நான் வானவடியில் குடியேறிய முதல் வாரம், என் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளை அவர் மூன்றாவது மாடி லிஃப்ட் வாசலில் மறித்தார். வெள்ளை பனியன், காக்கி அரைக்கால் சட்டை, ஒட்ட வெட்டிய நரை முடி. யார் என்று எனக்குத் தெரியாது.

"சீல் திகா," என்றார் அவனிடம். சீலைக் காட்டு.

சிலிண்டர் தலையில் இருந்த பிளாஸ்டிக் உறை கொஞ்சம் தளர்ந்து சுழன்றது.

"வாபஸ் லே ஜா."

அந்த ஆள் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். நான்கு நாள் எனக்கு ஓட்டல் சாப்பாடு. வயிற்றெரிச்சலோடு நின்றிருந்த என்னைப் பார்த்து, "கதவுல பேரைப் பாத்தேன். தமிழ்ப் புள்ள. எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கோயமுத்தூருங்க சார். மகர்பட்டாவுல ஐடி வேலை."

"நான் வேலூர்ப் பக்கம். சுபேதாரா ரிட்டயர் ஆனேன். எதிர் வீடுதான். சீல் பாக்காம எதையும் உள்ள விடாத தம்பி."

அப்படித்தான் பழக்கமானது. வாட்ச்மேன் முதல் சொசைட்டி செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'சாப்'. எனக்கு சார்.

இரண்டாவது மாதம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆல்பங்களைக் காட்டினார். பழைய நாணயமோ தபால்தலையோ இருக்கும் என்று போனால், எல்லாமே அமெரிக்கச் சாராய வரிச்சீட்டுகள். அந்தக் காலத்தில் அங்கே விஸ்கி பாட்டிலின் கழுத்தில், மூடிக்கு மேலே குறுக்காக ஓடி இரண்டு பக்கமும் இறங்குகிற மாதிரி ஒரு நீளமான காகிதத்தை ஒட்டுவார்களாம். வரி கட்டியாயிற்று, உள்ளே இருப்பது கலப்படமில்லாதது என்பதற்கு அரசாங்கத்தின் அத்தாட்சி. பச்சை ஒரு வகைக்கு, சிவப்பு இன்னொரு வகைக்கு. பாட்டிலைத் திறந்தால் சீட்டு கிழிந்தே ஆக வேண்டும். பீர் பீப்பாய்க்கு அதைவிடக் கொடுமை. குழாய் அடிக்கிற துளையின் மேலேயே சீட்டை ஒட்டி, அதைக் குத்திக்கொண்டுதான் குழாய் உள்ளே போகும்.

"அழியறதுக்குன்னே அச்சடிச்சது தம்பி. இதுல ஒண்ணு முழுசா கையில கெடைக்குதுன்னா எப்படி இருக்கும் பாத்துக்கோ."

வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை மனிதர். அதனாலேயே பட்டாளத்தில் ஆபீசர்கள் மெஸ்ஸின் மதுபான அறை வருஷக்கணக்கில் இவர் பொறுப்பில் இருந்திருக்கிறது. ஒருநாள் ஒரு கர்னல், சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன பழைய அமெரிக்க விஸ்கி ஒன்றைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் ஒரே திருகில் திறந்தாராம். பச்சைச் சீட்டு இரண்டாகக் கிழிந்து டிரேயில் விழுந்தது. இவர் அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கியோ ஒரு சர்க்கார் ஆளு அத்தனை வருஷத்துக்கு முன்னாடி ஒட்டினது. யாரும் தொடாம அங்கேருந்து இங்க வந்து சேந்துது. இவரு ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டாரு." அந்த இரண்டு துண்டும் முதல் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்தன. கிழிந்த சீட்டு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முழுசு.

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச் சாராயக்காரர்கள் அச்சடித்த போலிச் சீட்டுகளும் ஒரு பக்கம் நிறைய வைத்திருந்தார். அசலுக்கும் போலிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்து, "படத்தைப் பாக்காத. படத்தை எவன் வேணா போடுவான். பசையைப் பாரு," என்றார். பார்த்தேன். பசையும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. "உனக்குக் கம்ப்யூட்டர்தான் லாயக்கு," என்று சிரித்தார். அமெரிக்காவில் கென்டக்கியிலிருந்து இவருக்குச் சீட்டு அனுப்பும் ஒரு கிழவருக்கு இவர் சார்பில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் வேலை அன்றிலிருந்து என் தலையில் விழுந்தது. மகன் வீட்டிலேயே இருக்கும்போது என்னை எதற்குக் கேட்கிறார் என்று தோன்றும்.

"அவனுக்கு வேலை தம்பி. கதவை மூடிக்கினு மீட்டிங், மீட்டிங். நடுவுல போய்த் தட்டக் கூடாது."

மகன் பெயர் பிரபு. முப்பத்தோரு வயது. தாய் அவன் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டாள். அப்பனும் மகனும் மட்டும். பிரபு என்னைப் போலத்தான், மகர்பட்டா கம்பெனி ஒன்றில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமாகச் சவரம் செய்த முகம், லிஃப்டில் பார்த்தால் ஒரு சின்னச் சிரிப்பு. அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழியாமல் எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், பொறுமை, பிறகு அடியில் ஒரு மெல்லிய அட்டையை நுழைத்து அலுங்காமல் எடுப்பது.

"என் கை கொஞ்சம் ஆடும். அவன் கை ஆடவே ஆடாது. அவன் எடுத்ததுல ஒண்ணுகூட முனை மடங்கினது இல்ல," என்பார். சொல்லும்போது அந்த இறுகிய முகம் தளரும்.

மகனைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. அவனைக் கேள்வி கேட்டும் பார்த்ததில்லை. ஏன் கல்யாணம் தள்ளிப்போகிறது, ஏன் சாப்பிடுவது குறைந்துவிட்டது, எதுவும் கேட்கமாட்டார். அவன் அறைக்குள் கால் வைத்தே வருஷக்கணக்காகிறது என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார். "சீல் ஒடையாத பொருளைத் தெறந்து பாக்கறது அதுக்கு அவமானம் தம்பி. மனுசனுக்கும் அதேதான்." எவ்வளவு மரியாதையான தகப்பன் என்று அப்போது வியந்தேன். என் அப்பா என் பர்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார்.

ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கு மாதாமாதம் கேன்டீனில் மதுபானம் கிடைக்கும். குடிக்காதவர்களும் வாங்கத்தான் செய்கிறார்கள். இவரும் ஒரு மாதம் விடாமல் ரம் வாங்கிவந்து ஹாலில் இருந்த இரும்பு பீரோவில் அடுக்குவார். "இருபத்தெட்டு வருஷம் உழைச்சதுக்குக் குடுக்கறாங்க. வேணாம்னு சொல்ல நான் யாரு?" விருந்தாளிகளுக்கு ஆல்பம் முடிந்ததும் பீரோ தரிசனம். மூடியின் மேல் ஒட்டிய சர்க்கார் ஸ்டிக்கர் ஒன்றுகூடக் குலையாமல் கறுப்புக் கறுப்பாக வரிசை. "பாருங்க, வீட்ல வாலிபப் பையன் இருக்கான். ஒண்ணாவது தெறந்துக்குதா?"

அந்த பாட்டில்களில் சிலதைத் தீபாவளிக்கும் வருஷப் பிறப்புக்கும் பரிசாகக் கொடுப்பார். வாட்ச்மேனுக்கு, பிளம்பருக்கு, இஸ்திரிக்காரருக்கு, செயலாளருக்கு. இந்தப் பக்கத்தில் ராணுவக்காரர் கையால் ரம் வாங்குவது ஒரு கௌரவம். இரண்டாவது வருஷம் டிசம்பரில் எனக்கும் ஒன்று வந்தது.

ஆபீஸ் நண்பர்கள் இருவர் வந்திருந்தபோது அதைத் திறந்தேன். முதல் வாய் குடித்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நானும் குடித்துப் பார்த்தேன். ஊசிப்போன டீத்தண்ணி. பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன் டீ. நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேன்டீனில் யாரோ சாரை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். காலையில் சொல்லிவிடலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் லிஃப்டில் பிரபு. பத்து மணிகூட ஆகவில்லை. ஏலக்காய் வாசனை தூக்கலாக அடித்தது, அதற்கு அடியில் ரம்.

"அண்ணா, அப்பா குடுத்தது… தெறந்தீங்களா?"

டீ ருசி ஞாபகம் வந்து அவனை நிமிர்ந்து பார்த்தேன். அவனுக்கு அது போதும்.

"மார்ச்சோட விட்டுடறேன்ணா. சத்தியமா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா உயிரோட இருக்கமாட்டாரு."

"செரி விடு, சொல்லல. ஆனா நிறுத்தீரோணும் பிரபு."

கீழே வாட்ச்மேனிடம் ஜாடையாக விசாரித்தேன். அவன் பல் தெரியச் சிரித்தான். "சாப் கீ சாய்?" என்றான். சாபின் டீ. கட்டடத்தில் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். பெரிய மனுஷன் அன்பாகக் கொடுப்பதைத் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சல்யூட் அடித்தார்கள்.

மார்ச் வந்தது, போனது. இன்னொரு மார்ச்சும் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மழையில் வழுக்கி பிரபுவின் ஸ்கூட்டர் விழுந்தது. தொடை எலும்பு முறிவு. வேறு காயமில்லை, ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. அவரும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் ஆபரேஷன், கம்பி வைத்தால் ஆறு வாரத்தில் நடப்பான் என்றார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு இளம் பெண் டாக்டர் படிவத்தோடு வந்து கேள்வி கேட்டாள். சர்க்கரை உண்டா, அலர்ஜி உண்டா, புகைப்பானா, குடிப்பானா.

பிரபு இல்லை என்று தலையசைத்தான். அது போதாதென்று அவர் எழுந்து நின்றார்.

"டாக்டர் சாப், என் வீட்டில் முப்பதுக்கு மேல் பாட்டில் இருக்கிறது. ஒன்றின் சீல்கூட உடையவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்," என்று ஹிந்தியில் சொன்னார்.

அவள் புன்னகையோடு எழுதிக்கொண்டாள். பிரபு என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஞாயிறு காலை நான் போனபோது அவர் சலைன் பாட்டிலின் மூடியை ஆராய்ந்துகொண்டு நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். டீ குடிக்க அவர் கீழே போனதும் பிரபு என் கையைப் பிடித்தான். உள்ளங்கை நனைந்திருந்தது. ஆடவே ஆடாது என்று அவர் சொன்ன விரல்கள் தந்தி அடித்தன.

"அண்ணா, ஒரே ஒரு குவார்ட்டர். தண்ணி பாட்டில்ல ஊத்திக் கொண்டு வாங்க. முடியலைண்ணா."

எனக்குக் கோபம் வந்தது. "அப்பா கெடக்கற கெடைக்கு இது ஒண்ணுதான் கொறைச்சலாடா? மூணு நாள் ஆச்சல்ல, இப்படியே உட்டுரு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கெடைக்காது," என்றேன். மனசுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். கால் உடைந்தாலும் குடி விட்டதே என்று. தினமும் குடித்து ஊறிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்பது இருபது வயதிலிருந்து குடிக்கிற எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று மாலையே அவன் சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான். திங்கள் காலை கட்டிலில் கட்டிவைத்திருந்தார்கள். விழுந்ததில் தலைக்குள் ரத்தக் கசிவோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. காய்ச்சல், கிருமி என்று வேறு சோதனைகள் ஓடின. பெரிய டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடியும் கேட்டார். உங்கள் மகன் நிஜமாகவே குடிப்பதில்லையா? இது பார்த்தால் குடியை நிறுத்தியதால் வருகிற மாதிரி இருக்கிறது. தெரிந்தால் மருந்தே வேறு.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாயால சொன்னா நம்பமாட்டாங்க. வா தம்பி, வீட்டுக்குப் போலாம். ஒரு பாட்டிலைக் கொண்டாந்து அவர் மேஜை மேல வெக்கறேன்," என்றார். என் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷ வழி. வழியில் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்தேன். பின்னால் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பீரோவைத் திறந்து பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"திறந்து பாத்துருங்க சார்," என்றேன். அவ்வளவுதான் எனக்கு வாய் வந்தது.

"தெறந்தா சாட்சி போச்சே தம்பி. சீலோட காட்டினாதான் சாட்சி."

"ஒண்ணே ஒண்ணு திறங்க சார். நிறைய இருக்குதுங்கல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பாட்டிலை எடுத்துக்கொண்டு பால்கனி வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தார். திறக்கவில்லை. லென்ஸை எடுத்தார். ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து இன்னொரு ஓரம்வரை பார்த்தார். பாட்டிலைத் திருப்பினார். மறுபடியும் பார்த்தார். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதையும் அப்படியே பார்த்தார். மூன்றாவது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அரைமணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்ததால் சொல்கிறேன்.

நான்காவது பாட்டிலில் லென்ஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பசை இருக்குது," என்றார். "கீழ கம்பெனிப் பசை. மேல வேற." ஓரத்தை நகத்தால் தடவி, "சுடுதண்ணி காட்டிப் பசையை எளக்கிருக்கான். மூடியை வளையத்தோட சேத்துக் கழட்டி மாட்டிருக்கான். ஸ்டிக்கர்ல ஒரு சுருக்கம் இல்ல. என்னால முடியாது தம்பி இந்த வேலை. எவனாலயும் முடியாது," என்றார்.

அந்தக் குரலில் பெருமை இருந்தது. அடுத்த வினாடி அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். போனை எடுத்து, ஆஸ்பத்திரி எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை பேசினார்.

"டாக்டர் சாப், மேரா பேட்டா பீதா ஹை." என் மகன் குடிக்கிறான்.

எவ்வளவு நாளாக என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள். அவர் பாட்டிலைப் பார்த்தார். "பஹுத் ஸால் ஸே," என்றார். பல வருஷமாக.

நாங்கள் திரும்பிப் போனபோது பிரபுவை ஐசியுவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அரைமணிக்குள் அவனுக்கு வலிப்பு வந்து, வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. சரியான மருந்தை அதற்குப் பிறகு கொடுத்தார்கள். வியாழக்கிழமை மதியம் இறந்தான். கால் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன்.

அவர் அழுது நான் பார்க்கவில்லை. பத்தாம் நாள் காலையிலிருந்து ஒவ்வொருவராகத் தேடிப்போய் விசாரிக்க ஆரம்பித்தார். யார் யாருக்கு பாட்டில் கொடுத்தார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டார். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிளம்பருக்குப் போன் செய்தார். இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று கேட்டார். செயலாளர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தெரியும் சாப், சொல்லச் சங்கடமாக இருந்தது என்றார். கடைசியாக என் கதவைத் தட்டினார்.

"உனக்கும் ஒண்ணு குடுத்தேனே தம்பி. தெறந்தியா?"

அன்று அவர் கண்ணைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு.

"இல்லைங்க சார். ஆபீஸ்ல ஒருத்தருக்கு அப்படியே குடுத்துட்டேன்."

என் தோளில் கை வைத்தார். "நல்லது. அப்போ இந்த பில்டிங்ல நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியாது," என்றார்.

பதினாறாம் நாள் வேலூரிலிருந்து சொந்தபந்தம் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய அக்கா வாய்விட்டுக் கேட்டே விட்டாள். "இன்னாடா நீ, ஒரே வீட்ல இருந்துக்கினு புள்ள குடிக்கறது தெரியலன்னா எவன் நம்புவான்? கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவர் எழுந்து கதவோரம் நின்றிருந்த என்னைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதோ, இந்தத் தம்பி படிச்ச புள்ள. எதிர் வீடு. தெனம் அவன்கூட லிஃப்ட்ல போய் வந்தது. இதுக்கே தெரியல. எனக்கு எப்படிக்கா தெரியும்? நீயே கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். ஆமாம், எனக்கும் தெரியாது என்று தலையாட்டினேன்.